கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் பிள்ளை வாசித்துவிடுமா?

கொஞ்ச நாளாக எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், முக்கூடல் என்று எந்தக் குழுவைத் திறந்தாலும் அதுதான். உங்கள் பிள்ளை வாசிக்கத் திணறுகிறதா, எழுத்தை மாற்றிப் போடுகிறதா, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற பாதையில் கோளாறு இருக்கலாம், கம்ப்யூட்டர் திரையில் அசைகிற புள்ளிகளையும் கோடுகளையும் பார்க்கப் பழக்கினால் சில மாதங்களில் சரளமாக வாசிக்கும் என்று போட்டிருக்கிறார்கள். கட்டணம் கேட்டால் நேரில் வரச் சொல்கிறார்கள். எந்த மையம் என்று நான் சொல்லப் போவதில்லை. இது ஒரு மையத்தோடு முடிகிற விஷயமும் இல்லை.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும்தான் என் உலகம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த விளம்பரம் முழுப் பொய்யாக இருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைக் காட்டித்தான் மீதியை விற்கிறார்கள்.

உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறபோது முக்கியமாக இரண்டு வழிகளில் பிரிந்து போகிறது. ஒன்று பெரிய செல்களின் வழி. அசைவு, மங்கலான வெளிச்ச வேறுபாடு, சட்டென்று மாறுகிற எதையும் இது வேகமாகப் பிடிக்கும். இன்னொன்று சிறிய செல்களின் வழி. நிறமும் நுணுக்கமான வடிவமும் இதன் வேலை. 1991இல் மார்கரெட் லிவிங்ஸ்டன், ஆல்பர்ட் கலபுர்தா ஆகியோரின் குழு, டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடு இருந்து இறந்துபோன ஐந்து பேரின் மூளையை வெட்டிப் பார்த்தது. அவர்களுக்குப் பெரிய செல்கள் இருக்கிற அடுக்கு ஒழுங்கில்லாமலும், செல்கள் வழக்கத்தைவிடச் சிறியதாகவும் இருந்தன. 1996இல் கினிவியர் ஈடன் குழுவினர் நேச்சர் இதழில் இன்னொன்றை வெளியிட்டார்கள். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு அசைகிற புள்ளிகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, அசைவை அறிகிற பகுதி மற்றவர்களுக்கு வேலை செய்த அளவுக்கு இவர்களுக்கு வேலை செய்யவில்லை.

அந்தப் புள்ளிச் சோதனையை நானும் திரையில் பார்த்திருக்கிறேன். கறுப்புத் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள், காற்றில் அலைபாய்கிற குற்றாலச் சாரல் மாதிரி, நாலா பக்கமும் ஓடும். அதில் கொஞ்சம் புள்ளிகள் மட்டும் ஒரே பக்கமாகப் போகும். எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். ஒரே பக்கம் போகிற புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். வாசிப்பில் சிரமப்படுகிறவர்களுக்குச் சராசரியாக மற்றவர்களைவிட அதிகப் புள்ளிகள் சேர்ந்து போனால்தான் திசை தெரிகிறது. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது. ஆனால் சராசரி என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நன்றாக வாசிக்கிற பிள்ளை இந்தச் சோதனையில் தடுமாறுவதும் உண்டு, வாசிக்கவே வராத பிள்ளை இதில் கெட்டிக்காரனாக இருப்பதும் உண்டு.

இங்கிருந்துதான் ஒரு தாவல் தாவுகிறார்கள். அசைவை அறிவது பலவீனமாக இருக்கிறது, அதைப் பலப்படுத்தினால் வாசிப்பு வந்துவிடும் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதற்கு ஆதரவான ஆய்வுகளும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் டெரி லாட்டன் என்பவர் அசைகிற கோடுகளை வைத்து ஒரு பயிற்சியை உருவாக்கி, அது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு வேகத்தைக் கூட்டியதாக எழுதியிருக்கிறார். பயிற்சியை உருவாக்கியவரே ஆய்வையும் நடத்தியவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2013இல் இத்தாலியில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு வேகமான வீடியோ கேமைப் பன்னிரண்டு மணி நேரம் விளையாடக் கொடுத்து, வாசிப்பு வேகம் கூடியது என்றார்கள். அதில் இருந்தது குழுவுக்குப் பத்துப் பிள்ளைகள், மொத்தம் இருபது. ஆராய்ச்சியாளர்கள் மேற்கொண்டு தேடுவதற்கு அது போதும். ஒரு வீட்டுக் கம்மலை அடகுக் கடைக்கு அனுப்பப் போதாது.

எது காரணம், எது விளைவு என்பதுதான் பெரிய கேள்வி. அசைவு தெரியாததால் வாசிப்பு வரவில்லையா? வாசிக்காததால் அசைவை அறிகிற பகுதி வளரவில்லையா? இதைச் சோதித்ததும் அதே கினிவியர் ஈடன் குழுதான். அதற்காகவே எனக்கு அந்த அம்மாவின் மேல் பெரிய மரியாதை. 2013இல் அவர்கள் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளை, அவர்களைவிட வயதில் சிறிய, ஆனால் அதே அளவு மட்டுமே வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். அசைவை அறிகிற பகுதியில் இருந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. அடுத்து, டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு ஒலிகளைப் பிரித்துச் சேர்க்கிற வாசிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. வாசிப்பும் கூடியது, அசைவை அறிகிற மூளைப் பகுதியின் வேலையும் கூடியது. அதாவது அந்தப் பலவீனம் வாசிப்புக் குறைவுக்குக் காரணம் இல்லை, அதன் விளைவு என்றுதான் இது காட்டுகிறது.

2017இல் சியாட்டிலில் ஜேசன் யேட்மேன் குழு செய்த ஆய்வு இதோடு ஓர் இடத்தில் முரண்படுகிறது. அங்கே தீவிர வாசிப்புப் பயிற்சிக்குப் பிறகு வாசிப்பு முன்னேறியது, புள்ளி பார்க்கிற திறன் மாறவில்லை. ஆனால் அதில்தான் பெற்றோருக்கு வேண்டிய பதில் இருக்கிறது. புள்ளிச் சோதனையில் பின்தங்கிய பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே அந்தப் பயிற்சியில் முன்னேறினார்கள். அந்தப் பலவீனம் அவர்களைத் தடுக்கவில்லை. இரண்டு ஆய்வும் இரண்டு பக்கம் பேசினாலும், புள்ளி பார்க்கப் பழகாமலே பிள்ளை வாசிக்கப் பழகலாம் என்பதில் ஒன்றாக நிற்கின்றன.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். லக்னோ பக்கத்துக் கிராமங்களில் எழுதப் படிக்கவே தெரியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி வாசிக்கக் கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2017இல் முடிவு வந்தது. ஆறே மாத வாசிப்பில், பார்வையோடு தொடர்புள்ள மூளையின் ஆழமான பகுதிகள்கூட மாறியிருந்தன. எழுத்துக் கற்றுக்கொடுத்தது பார்வை வழியையே மாற்றியிருக்கிறது. முப்பது வயதுப் பெண்ணுக்கே இது நடக்கும் என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம்.

இனி என் வகுப்பறைக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். நல்ல சூட்டிகை, கதை சொன்னால் வரி தவறாமல் திருப்பிச் சொல்வான். பாடத்தில் பம்பரம் என்ற சொல்லுக்கு வந்தான். விரலை எழுத்தின் கீழே வைத்து, ப, ம், ப, ர, ம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒன்றுகூடத் தப்பில்லை. சேர்த்துச் சொல் என்றேன். கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துவிட்டு, "பரம்பம்" என்றான். கண் ஐந்து எழுத்தையும் சரியாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. அதற்கு மேல் அந்த ஐந்து ஒலியையும் வரிசை குலையாமல் மனதில் பிடித்து ஒன்றாக ஒட்டுகிற இடத்தில்தான் அவன் விழுகிறான்.

நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினாலும் இதே கதைதான். பிள்ளைகள் மாற்றி எழுதுகிற எழுத்துகளைப் பாருங்கள். ரகரத்துக்கு றகரம், நகரத்துக்கு னகரம், ழகரத்துக்கு ளகரம். ர, ற இரண்டுக்கும் வடிவத்தில் என்ன ஒற்றுமை? ந, ன இரண்டுக்கும்தான் என்ன ஒற்றுமை? வடிவத்தில் துளியும் ஒத்துப்போகாத எழுத்துகள் மாறுகின்றன, ஏனென்றால் காதுக்கு அவை ஒன்றாக இருக்கின்றன. எங்கள் ஊரில் வாழைப்பழத்தை வாளப்பளம் என்றுதான் சொல்வோம். பிள்ளை பளம் என்று எழுதினால், கேட்டதை எழுதியிருக்கிறது. இதற்குக் கண்ணில் என்ன பயிற்சி கொடுப்பது?

நம் எழுத்துமுறையின் சுமையையும் யோசிக்க வேண்டும். கொ என்று எழுதுகிறோம். பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு. அதற்குத் தனியாக ஒலி கிடையாது. அடுத்தது க, அதன் பிறகு துணைக்கால். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு நடுவில் இருப்பதை வேறாக ஒலிக்க வேண்டும். கு, சு, து, மு என்று உகர வரிசையில் குறி ஒரே மாதிரி இல்லை. க என்ற ஒரே எழுத்தைக் கடலில் ஒரு விதமாகவும் தங்கத்தில் வேறு விதமாகவும் சொல்கிறோம். இப்படி 247 எழுத்து. கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வுகளில், அந்த மொழியின் எழுத்துகளை முழுவதும் வசப்படுத்த நாலாம் வகுப்புவரைகூட ஆகிறது என்று தெரிந்தது. நம் எழுத்தும் அதே குடும்பம்தான். இரண்டாம் வகுப்பில் திணறுகிற பிள்ளை பெரும்பாலும் இன்னும் கற்று முடிக்காத பிள்ளை. அதற்குள் மூளைக் கோளாறு என்று சொல்லிப் பெற்றவர்களைப் பதறவைப்பது எனக்குப் பெரிய கொடுமையாகப் படுகிறது.

அந்தப் பையனின் அம்மா பீடி சுற்றுகிறார். வீட்டுக்குப் போனபோது மடியில் சொளவு, ஒரு பக்கம் வெட்டி அடுக்கின இலை. பேசிக்கொண்டிருக்கும்போதும் விரல் நிற்கவில்லை. தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கிக் குத்தி, கட்டுக்குச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சர், கம்மல வெச்சாவது அந்தக் கண்ணுப் பயிற்சில சேத்துரலாமானு கேக்கேன். மூணு மாசத்துல வாசிச்சிருவான்னு சொல்லுதாங்கல்லா. இவனும் என்னைய மாதிரி சொளவும் கத்திரியுமா ஒக்காந்துரக் கூடாது பாத்துக்கிடுங்க."

"கம்மலக் கழட்டாதம்மா," என்றேன். "மொதல்ல ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி கண்ணையும் காதையும் பாத்துட்டு வா. அதுக்கு மேல நான் பாத்துக்கிடுதேன்."

கண்ணைப் பார்க்கச் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண் பரிசோதனை கட்டாயம் வேண்டும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, மாறுகண் எதுவும் இருந்தால் கண்ணாடியோ சிகிச்சையோ உடனே வேண்டும். அதற்கு ஹைகிரவுண்ட் அரசு ஆசுபத்திரி இருக்கிறது, திருநெல்வேலியில் அரவிந்த் இருக்கிறது. இரண்டு கண்ணும் பக்கத்தில் இருப்பதன் மேல் சேர்ந்து குவியாத குறைபாடு என்று ஒன்று உண்டு. தலைவலி வரும், எழுத்து இரண்டாகத் தெரியும். அதற்குக் கண் பயிற்சி நல்ல பலன் தருகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அதே குறைபாடுள்ள முந்நூறு பிள்ளைகளுக்கு மேல் வைத்து அமெரிக்காவில் நடத்தி, 2019இல் முடிவு வெளியிட்ட பெரிய ஆய்வில், நிஜப் பயிற்சி எடுத்தவர்களும் ஒப்புக்குப் பயிற்சி எடுத்தவர்களும் வாசித்துப் புரிந்துகொள்வதில் ஒரே அளவுதான் முன்னேறினார்கள். 2009இலேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கங்களும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. கற்றல் குறைபாட்டுக்குக் கண் பயிற்சியையும் வண்ணக் கண்ணாடியையும் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு நான் இன்னொன்றை நினைவுபடுத்த வேண்டியதில்லை. பார்வையில்லாத பிள்ளைகளுக்கு நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே பள்ளி நடக்கிறது. விரலால் தடவித் தமிழ் வாசிக்கிற பிள்ளைகளை நம் ஊரிலேயே பார்க்கலாம். வாசிப்பு கண்ணோடு மட்டும் கட்டப்பட்டது என்றால் அவர்கள் எப்படி வாசிக்கிறார்கள்?

பணத்தைவிட எனக்குக் காலம்தான் பெரிய கவலை. ஒரு பிள்ளை இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ பின்தங்கினால், அந்த மாதங்களில் தினமும் எழுத்தையும் ஒலியையும் சேர்க்கிற வேலை நடக்க வேண்டும். நான் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதலில் எழுத்தே இல்லாமல் வாயால் விளையாட்டு. பம்பரத்தில் முதல் எழுத்தை விட்டுவிட்டுச் சொல், கடைசியை விட்டுவிட்டுச் சொல், கை தட்டி எத்தனை துண்டு என்று எண்ணு. அப்புறம் இரண்டெழுத்துச் சொல், மூன்றெழுத்துச் சொல், மணலில் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்வது. ஒரே பத்தியைத் தினம் வாசிப்பது. பதினைந்து இருபது நிமிஷம் போதும், ஒரு நாளும் விடக் கூடாது. மெதுவாகத்தான் நகரும். மூன்று மாதத்தில் சரளமாக்குகிறேன் என்று என்னால் எந்த அம்மாவிடமும் வாக்குக் கொடுக்க முடியாது. அந்தப் பையன் இப்போது நாலெழுத்துச் சொல்லைத் தானாக ஒட்டுகிறான். மெய்யெழுத்து நடுவில் வந்தால் இன்னும் தடுமாறுகிறான்.

இப்படி ஒரு வருஷம் உட்கார்ந்து செய்தும் நகராத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு முறையான மதிப்பீடு வேண்டும். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், பள்ளி வழியாகக் கேளுங்கள். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். அது பிள்ளையின் உரிமை, கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம். வள மையங்களில் இருக்கிற ஆட்கள் போதாது என்பது எங்களுக்குத் தெரியும். அரசு இந்தப் பணியிடங்களைக் கூட்ட வேண்டும். ஆள் இல்லாத அந்த இடத்தில்தான் இந்த விளம்பரங்கள் முளைக்கின்றன.

அப்படியும் யாராவது அந்த மையத்துக்குப் போவதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். இந்தப் பயிற்சி எடுத்த பிள்ளைகளின் தமிழ் வாசிப்பை முன்னும் பின்னும் அளந்தீர்களா, இல்லை புள்ளி பார்க்கிற மதிப்பெண்ணை மட்டும் அளந்தீர்களா? பயிற்சி எடுக்காத பிள்ளைகள் அதே மூன்று மாதத்தில் எவ்வளவு முன்னேறினார்கள்? பள்ளியில் ஆசிரியர் நடத்தியதால் வந்த முன்னேற்றத்தையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நான் பயன்படுத்துகிற எழுத்து அட்டைகளும் சொல் வரிசையும் கையால் எழுதினவைதான். சேரன்மகாதேவி சுற்றுவட்டாரத்தில் யாருக்கு வேண்டுமானாலும் பள்ளி விட்ட பிறகு வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம். தூரத்தில் இருப்பவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.