நீல மாத்திரை கருத்தடை மாத்திரை அல்ல

"பள்ளியில் கொடுக்கும் நீல மாத்திரை கருத்தடை மருந்து, பெண் பிள்ளைகளை விழுங்க விடாதீர்கள்." குமரி மாவட்டத்தில் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் முழுப் பொய்.

அந்த மாத்திரையில் இருப்பவை 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும்தான். ஹார்மோன் எதுவும் இல்லை. இரத்தசோகையைத் தடுக்க 10 முதல் 19 வயது வரை, வாரத்துக்கு ஒன்று என்பது திட்டம். ஆண் பிள்ளைகளுக்கும் இதே மாத்திரைதான். வதந்தி உடைய இது ஒன்றே போதும். கர்ப்பிணிகளுக்குத் தினமும் கொடுப்பதும் இதே சத்துகளைத்தான், சிவப்பு நிறத்தில்.

பயம் எங்கே தொடங்குகிறது என்பது எனக்குப் புரிகிறது. மாத்திரை விழுங்கிய பிள்ளைக்கு மலம் கறுத்துப் போகிறது. வெட்கத்தில் அம்மாவிடம் சொல்லாமல் யூடியூபில் தேடுகிறாள். அம்மாவோ உறவினர் அனுப்பியதை நம்புகிறார். இருவரும் ஒருவரையொருவர் கேட்பதில்லை. உடல் உறிஞ்சாத இரும்புதான் அந்தக் கறுப்பு, கெடுதல் இல்லை. வெறும் வயிற்றில் குமட்டும் என்பதால் சாப்பிட்ட பிறகு விழுங்க வேண்டும்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கில் இரும்பு குறைவு. கூட வைக்கும் மீன் உதவும். ஆனால் சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயா இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கிறது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

12 வயதைக் கடந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பிள்ளைகள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரையை எடுக்கக் கூடாது. வேறு சந்தேகங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் பேசலாம்.