குதிரை ஏத்துனா பேசுவானா?

"குதிரை ஏத்துனா பையன் பேசுவானாக்கா?" இந்தக் கேள்வி வராத சனிக்கிழமையே கிடையாது. தென்னாப்பிரிக்காவுல டர்பன் நகரத்துக்கு மேற்கே மேட்டுப்பக்கம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைக் குதிரையேத்துற ஒரு லாயத்துல சனிக்கிழமை காலையில போய் உதவிக்கு நிக்கிறேன். பிள்ளை குதிரைமேல இருக்கும். அது சரிஞ்சிடாம கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நடக்கணும், அவ்வளவுதான் என் வேலை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ்னு டர்பன்ல நம்ம ஆட்கள் குடியிருக்கிற பகுதிகள்ல இருந்து இப்ப நிறையப் பேர் வர்றாங்க. காரணம், வாட்ஸப்ல சுத்துற ஒரு வீடியோ. மங்கோலியாவுல குதிரையும் பூசாரிகளும் சேர்ந்து ஒரு பையனோட ஆட்டிசத்தையே குணமாக்கிட்டாங்களாம்.

அது பாதிக் கதை. ரூபர்ட் ஐசக்சன்னு ஒரு எழுத்தாளர், டெக்சாஸ்ல குடியிருந்தவர், 2007-ல மகனைக் கூட்டிக்கிட்டு மங்கோலியாவுல குதிரைப் பயணம் போய் அங்க உள்ள சாமியாடிகளைப் பார்த்தார். அதுக்கு முன்னாடியே, தெற்கு ஆப்பிரிக்காவோட கலஹாரி பாலைவனத்துப் பழங்குடிகளான சான் மக்களோட வைத்தியர்கள் அந்தப் பையனைத் தொட்டு வேண்டியிருக்காங்க, அந்த வகையில நம்ம பக்கத்துக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. திரும்பி வந்தப்ப பையனோட கதறல் அடங்கியிருந்தது, கழிப்பறைப் பழக்கம் வந்திருந்தது, மத்த பிள்ளைகளோட சேர ஆரம்பிச்சிருந்தான். ஆனா ஆட்டிசம் போயிடுச்சுன்னு அந்த அப்பாவே சொல்லலை. மகன் ஆட்டிசத்தோடதான் இருக்கான்னு சொன்னார். அந்தப் பகுதியை மட்டும் வெட்டிட்டு மீதியைத்தான் அனுப்பிட்டே இருக்காங்க.

குதிரையும் இருக்கட்டும், கோயிலும் இருக்கட்டும். ரெண்டு இடத்துலயும் போய் "குணமாகுமா"ன்னு நிக்காதீங்க. இதைச் சொன்னா ரெண்டு பக்கத்து ஆளுங்களும் என்மேல கோபப்படுறாங்க.

குதிரை என்ன செய்யுதுன்னு முதல்ல பார்ப்போம். அது நடக்கும்போது முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், இடமும் வலமுமா அசையும். நாம நடக்கும்போது நம்ம இடுப்பு அசையுறதும் ஏறக்குறைய அப்படித்தான். மேல உட்கார்ந்த பிள்ளையோட உடம்பு ஒவ்வொரு அடிக்கும் தன்னைத் தானே சமன் பண்ணிக்கும். எங்க லாயத்துல சில பிள்ளைகளுக்குச் சேணம் போடாம ஒரு போர்வையை மட்டும் விரிப்போம், குதிரையோட சூடு நேரா ஏறட்டும்னு. ஒரு பையன் வந்ததும் ஏறமாட்டான். விலாவுல காதை ஒட்டவச்சு, கண்ணை மூடிக்கிட்டு நிப்பான். குதிரையும் அசையாது. ஏறினப்புறம் அவன் கழுத்தைத் தட்டினாத்தான் குதிரையை நடத்துவோம், பாதியில நிறுத்திட்டு மறுபடி காத்திருப்போம். நாங்க யாரும் "சொல்லு சொல்லு"ன்னு நச்சரிக்கிறதில்லை. அந்தத் தட்டுதான் அவன் பேச்சு. அவங்கம்மா அதைப் பேச்சுன்னு கணக்குல எடுத்துக்க ரொம்ப நாளாச்சு.

ஆராய்ச்சியும் இருக்கு. அமெரிக்காவுல 2015-ல வெளிவந்த ஒரு ஆய்வுல 6 முதல் 16 வயசு வரை 127 ஆட்டிசப் பிள்ளைகளை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழு 10 வாரம் குதிரையேறிச்சு. இன்னொரு குழுவுக்கும் லாயம், பாடம் எல்லாம் உண்டு, உயிருள்ள குதிரை மட்டும் கிடையாது. குதிரையேறின குழுவுல எரிச்சலும் துறுதுறுப்பும் கூடுதலாக் குறைஞ்சது, பேச்சுலயும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிஞ்சது. நல்ல செய்திதான். ஆனா இதை "குணம்"னு எழுதினா அந்த ஆய்வைச் செஞ்சவங்களே ஒத்துக்க மாட்டாங்க.

இப்ப ஒரு ஊசிக் கதை. 1990-கள் கடைசியில செக்ரெடின்ங்கிற ஹார்மோன் ஊசி ஆட்டிசத்துக்கு அற்புத மருந்துன்னு கிளம்பிச்சு. 1999-ல ஒரு சோதனை நடந்தது. பாதிப் பிள்ளைகளுக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி, யாருக்கு எதுன்னு பெத்தவங்களுக்குத் தெரியாது. ரெண்டு குழுவுலயும் பிள்ளைகள் தேறினதாத்தான் பதிவாச்சு, ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே இல்லை. அதைச் சொன்ன பிறகும் பெத்தவங்கள்ல 69 சதவீதம் பேருக்கு அந்த ஊசிமேல ஆசை விடலை. எனக்குச் சிரிப்பு வரலை. பிள்ளை கொஞ்சம் திரும்பிப் பார்த்தாலும் அதை மலையளவாக் காட்டுற கண்ணு பெத்தவங்களுக்கு. லாயத்து வாசல்ல நிக்கிறவங்களுக்கும் அதே கண்ணுதான், கோயில் வாசல்ல நிக்கிறவங்களுக்கும் அதே கண்ணுதான். அதனாலதான் தாயத்துக்குக் காசு கொடுத்த ஆயாவை "படிக்காதவ"ன்னு ஏசிட்டு, எங்கயோ இருந்து பவுடரும் சொட்டு மருந்தும் வரவழைக்கிற மகனையும் மருமகளையும் பார்த்தா எனக்கு ஆத்திரமா வருது. அதுலயும் வெளுக்கப் போடுற ப்ளீச்சை மருந்துன்னு வித்த கூட்டம் இருக்கு, அது குடலைப் புண்ணாக்கும். அதுக்கு ஆயா கட்டின மஞ்சக்கயிறு எவ்வளவோ மேல்.

அதுக்காகக் கோயில் பக்கம் நடக்கிறதையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு ஒத்துக்க முடியாது. ஒரு வீட்டுல, எந்த வீடுன்னு சொல்ல மாட்டேன், பிள்ளையை நடுவுல உட்காரவச்சுச் சுத்தி உடுக்கை அடிச்சாங்க. சூடப்புகை, மிளகாய்ப்புகை. பிள்ளை ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுத் தன் கையையே கடிச்சான். "பாரு, உள்ள இருக்கிறது கடிக்குது"ன்னார் குறி சொல்ல வந்தவர். உள்ள ஒண்ணும் இல்லை சாமி, சத்தம் தாங்கலை. செய்வினை, குலதெய்வக் குத்தம், போன ஜென்மத்துப் பாவம்னு அன்னைக்கு அந்தத் தாய் தலையில ஏத்தினது இன்னும் இறங்கலை. டர்பன் வார்விக் சந்திப்பு மூலிகைச் சந்தையில வேர் வாங்கிவந்து காய்ச்சிக் கொடுக்கிறவங்களும் நம்மள்ல உண்டு. மூலிகை வைத்தியம் பார்க்கிற இன்யாங்கா, குறி பார்த்து வைத்தியம் சொல்ற சங்கோமா, இந்த நாட்டு வைத்தியர்கள் ரெண்டு பேருக்கும் தென்னாப்பிரிக்காவோட 2007 சட்டத்துல இடம் இருக்கு, மரியாதையும் உண்டு. ஆனா வாயால கொடுக்கிற எதையும், நாட்டு மருந்தோ நம்ம மருந்தோ, டாக்டருக்குத் தெரியாமக் கொடுக்காதீங்க. பிள்ளைக்கு வலிப்பு மாத்திரை இருந்தா இன்னும் கவனம்.

கோயில் கொடுக்கக்கூடியது வேற ஒண்ணு இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு பூசாரி, பிள்ளை வந்தா மணியை ஓரமா வச்சிடுவார். விபூதியை நெத்தியில இழுக்க மாட்டார், தன் உள்ளங்கையை நீட்டிக் காத்திருப்பார். அவனாத் தொட்டு எடுத்துப்பான். "அம்மன் பிள்ளைதானே, வரட்டும் போகட்டும்"னு ஒரு சொல். அந்தத் தாய்க்கு ஸ்பெஷல் ஸ்கூல்ல இடம் கிடைக்காம வருஷக்கணக்காக் காத்திருந்தப்ப, பிள்ளையைக் கூட்டிக்கிட்டுத் தலைநிமிர்ந்து போக இருந்த ஒரே இடம் அதுதான். அந்தப் பிள்ளை மதுரைவீரன் சிலையோட குதிரைக்காலைத் தொட்டுத் தடவிக்கிட்டே நிப்பான், யாரும் இழுக்க மாட்டாங்க. இது வைத்தியமான்னு கேட்டா, இல்லை. தேவையான்னு கேட்டா, தெரபி அளவுக்குத் தேவை.

லாயத்துக்கு வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. வலிப்பு இருந்தாலோ, டவுன் சிண்ட்ரோமும் சேர்ந்திருந்தாலோ டாக்டர் கடிதம் இல்லாம நாங்க ஏத்த மாட்டோம். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வா இருக்கும், குலுக்கல் ஆபத்து. தூரத்துல இருந்து வந்துட்டோமேன்னு சண்டை போடாதீங்க. ஹெல்மெட்டைத் தலையில வைக்கவே விடாத பிள்ளைன்னா, ஒரு வாரம் முன்னாடியே ஒண்ணு வாங்கிட்டுப் போய் வீட்டுல விளையாடக் கொடுங்க.

காவடி அன்னைக்குக் காலையில, உறுமி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஒலிபெருக்கியும் இல்லாம ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளைகளுக்குக் கோயிலைத் திறந்துவிடச் சொல்லி எங்க கமிட்டிக்கு எழுதியிருக்கேன். பதில் வரலை. உங்க ஊர்க் கோயில்ல யாராவது செஞ்சு பார்த்திருந்தா கீழே எழுதுங்க, அதைக் காட்டி மறுபடி கேட்கிறேன்.