ஜிசிசி பதிப்பு அல்ல, ஜிலிப்சிதான் காரணம்

கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருவர் உதவி கேட்கிறார்: வீட்டு உபுண்டு 22.04 லேப்டாப்பில் கட்டிய (கம்பைல் செய்த) சி நிரல், பாலக்காட்டு லேபில் உள்ள உபுண்டு 20.04-இல் ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்று நிற்கிறது. ஜிலிப்சி (glibc) என்பது லினக்ஸில் நிரல்கள் ஓடும்போது பயன்படுத்தும் அடிப்படை சி நூலகம். அவருக்குப் பதில் சொன்ன ஒரு அண்ணன், “இரண்டிலும் ஒரே ஜிசிசி (நிரலைக் கட்டும் கம்பைலர்) போடு, சரியாகும்; இல்லையென்றால் புதிய லிப்சி கோப்பை (ஜிலிப்சியின் முதன்மைக் கோப்பு) லேப் மெஷினில் காப்பி செய்” என்கிறார். இரண்டுமே தவறு, இரண்டாவது ஆபத்தும்கூட.

22.04-இல் பழைய ஜிசிசி 9 போட்டுக் கட்டினாலும் இதே பிழைதான் வரும். நிரலை நூலகத்தோடு சேர்க்கும் லிங்கர் இணைப்பது கட்டும் மெஷினில் உள்ள ஜிலிப்சியோடு, 22.04-இல் அது 2.35, 20.04-இல் 2.31. 2021-இல் வந்த 2.34-இல், நிரலின் மெயின் (main) பகுதியை அழைக்கும் தொடக்கச் செயற்கூறுக்கே புதிய பதிப்பு முத்திரை விழுந்தது. அதனால் வெறும் ‘ஹலோ வேர்ல்ட்’ கூட பழைய மெஷினில் ஓடாது. கட்டிய நிரலின் உள்ளடக்கத்தைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் (objdump) கட்டளையை -T விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள், நிரல் கேட்கும் ஒவ்வொரு ஜிலிப்சி செயற்கூறின் பெயருக்கும் பக்கத்தில் அந்தப் பதிப்பு எண் தெரியும்.

லிப்சி கோப்பை மட்டும் மாற்றினால் அது நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் பழைய லோடரோடு ஒத்துப்போகாது. எல்எஸ் (ls), சிபி (cp), சூடோ (sudo) போன்ற கட்டளைகள் எல்லாம் ஒரே அடியாக நின்றுவிடும். திரும்ப மாற்றக்கூட கட்டளை இருக்காது, பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டும் லைவ் பென்டிரைவ்தான் கதி. பலர் பயன்படுத்தும் லேபில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

தம்பி, டாக்கரில் (மெஷினுக்குள்ளேயே வேறொரு லினக்ஸ் சூழலைத் தனியாக ஓட்டும் கருவி) உபுண்டு 20.04 எடுத்து அதற்குள் கட்டுங்கள். பழையதில் கட்டியது பொதுவாகப் புதியதிலும் ஓடும். சின்ன நிரல்தான் என்றால் மஸ்ல் (musl) என்ற சிறிய சி நூலகத்தைக் கொண்டு ஸ்டேட்டிக்காக, அதாவது நூலகத்தையும் நிரலுக்குள்ளேயே சேர்த்து, இணைப்பதும் நல்ல வழி.