குந்தர் கிராஸின் நோபல் பரிசைப் பிடுங்கினார்களா?

"நாஜிப் படையில் இருந்ததை மறைத்ததற்காக ஜெர்மன் எழுத்தாளர் குந்தர் கிராஸிடமிருந்து நோபல் பரிசைத் திரும்ப வாங்கிவிட்டார்கள்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. பாதி உண்மை, பாதி கதை.

உண்மை எது? 1999-இல் இலக்கிய நோபல் வாங்கினார். 2006 ஆகஸ்டில், தன்வரலாறு வெளிவரும் நேரத்தில், 17 வயதில் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்.எஸ்.ஸில் இருந்ததாகப் பேட்டியில் அவரே சொன்னார். ஊரே கொதித்தது, கொதிக்காதா பின்னே, மற்ற ஜெர்மானியர்களைப் பார்த்து 'பழசை மறைக்காதே' என்று பல வருஷமாகப் பேசிவந்தவர் அவர்தானே. பரிசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. அவர் பிறந்த டான்சிக், இன்றைய போலந்தின் கடான்ஸ்க், அந்த ஊரின் கௌரவக் குடிமகன் பட்டத்தை விட்டுவிடச் சொன்னார் போலந்தின் முன்னாள் அதிபர் லெக் வாலேசா. கிராஸ் நகர மேயருக்கு எழுதிய விளக்கக் கடிதத்துக்கு அப்புறம் வாலேசாவும் இறங்கிவந்தார்.

ஆனால் நோபலை யாரும் பிடுங்கவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்க நோபல் விதியில் இடமே கிடையாது. 2012-இல் இஸ்ரேலை விமர்சித்துக் கவிதை எழுதியபோதும் இதே கோரிக்கை வந்தது, இலக்கிய நோபல் யாருக்கு என்று முடிவுசெய்யும் ஸ்வீடிஷ் அகாடமி மறுத்துவிட்டது.

இன்னொன்று. 1945-இல் பிடிபட்டபோது அமெரிக்கர்களின் போர்க்கைதிப் படிவத்தில் அவருடைய படைப்பிரிவு வாஃபன் எஸ்.எஸ். என்றே பதிவாகியிருக்கிறது. அந்தக் காகிதம் பெர்லின் ஆவணக்காப்பகம் ஒன்றில் பல வருஷம் கிடந்தும், யாரும் போய்ப் புரட்டிப் பார்க்கவில்லை!