சிலோன் எடுக்குமா?

பையன்: இதில் 13 பேண்ட் இருக்கிறது அம்மா.

அம்மா: பதிமூன்றா! எங்கள் வீட்டில் இருந்த பெரிய பெட்டி ரேடியோவிலேயே மூன்று பேண்டுதான். சிலோன் எடுக்குமா?

பையன்: சிலோன் என்றால்... ஸ்ரீலங்காவா? எடுக்குமே. ரோமிங் பேக் போட்டுக்கொண்டால் போதும்.

அம்மா: பேக் எல்லாம் எதற்கு? மொட்டைமாடியில் ஒரு ஒயர் கட்டினால் தானாக எடுக்கும்.

பையன்: ஒயரா?

அம்மா: ஆமாம்பா, கொடிக்கயிறு மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. யாராவது அதில் ஈரத்துணியை உலர்த்தினால் மட்டும் கொஞ்சம் இரையும்.

(திருவல்லிக்கேணியில் ஒரு செல்போன் கடை. நான் ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொள்ளப் போனவன், சும்மா நின்றுகொண்டிருந்தேன். பையன் சொன்ன 13, அந்தப் போன் வாங்கும் 5ஜி அலைவரிசைகள். அம்மா கேட்டது ரேடியோவின் மீடியம் வேவ், ஷார்ட் வேவ்; சிலோன் என்றது இலங்கை வானொலியை. நடுவில் புகுந்து விளக்கியிருக்கலாம்தான். விளக்கியிருந்தால் இதை எழுத முடிந்திருக்காது.)

பையன்: அதை விடுங்கள் அம்மா, கேமராவைப் பாருங்கள். 108 மெகாபிக்சல்.

அம்மா: நூற்றியெட்டா? நம் பார்த்தசாரதி கோயிலும் 108-ல் ஒன்றுதான். சரி, எடுக்கிற படத்தில் 108-ம் வருமா?

பையன்: அது வந்து... சாதாரணமாக எடுத்தால் 12தான் வரும். ஒன்பது ஒன்பதாகச் சேர்த்து ஒன்றாக்கிவிடும். அப்போதுதான் இருட்டில் படம் நன்றாக விழும்.

அம்மா: அதாவது 108 திவ்யதேசம் என்று பேனர் கட்டி டிக்கெட் போட்டுவிட்டு, 12 கோயிலோடு திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிடுகிற டூர் பஸ்.

பையன்: இல்லை அம்மா, 108-ம் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகப் பட்டன் இருக்கிறது.

அம்மா: அதை அழுத்தினால்?

பையன்: ஃபைல் பெரிதாகிவிடும், இருட்டில் புள்ளி புள்ளியாக வரும். யாரும் அழுத்த மாட்டார்கள்.

அம்மா: ம். பின்பக்கம் நாலு வட்டம் இருக்கிறதே, நாலும் கேமராவா?

பையன்: மெயின் ஒன்று, வைடு ஒன்று, அப்புறம் மேக்ரோ 2 மெகாபிக்சல், டெப்த் 2 மெகாபிக்சல்.

அம்மா: அந்தக் கடைசி இரண்டும் என்ன செய்யும்?

பையன்: (குரலைத் தாழ்த்தி) நாலு என்று காட்டும்.

அம்மா: நாலு பர்னர் அடுப்பு வாங்கி இரண்டில் கேஸ் வரவில்லை என்றால் நான் கடைக்காரனைச் சும்மா விட மாட்டேன் தம்பி. சரி, சிலோனுக்கு வா.

பையன்: அதற்கு முன்னால் ரேம். எட்டு ப்ளஸ் எட்டு, மொத்தம் 16 ஜிபி.

அம்மா: நேராகப் பதினாறு என்று சொன்னால் என்ன?

பையன்: நிஜ ரேம் எட்டுதான் அம்மா. இன்னொரு எட்டுக்கு ஸ்டோரேஜிலிருந்து இடம் எடுத்து ரேம் மாதிரி வைத்துக்கொள்ளும். வர்ச்சுவல் ரேம் என்று பெயர்.

அம்மா: நிஜ ரேம் மாதிரியே ஓடுமா?

பையன்: அவ்வளவு வேகம் வராது.

அம்மா: என் மெஸ்ஸுக்கு மேன்ஷனிலிருந்து திடீரென்று எட்டுப் பேர் கூடுதலாக வந்துவிட்டால் நானும் சாம்பாரில் ரெண்டு சொம்பு வெந்நீர் விடுவேன். எட்டுப் பேர் சாம்பார் பதினாறு பேருக்கு வரும். ஆனால் அதை வாசல் கரும்பலகையில் 'எட்டு ப்ளஸ் எட்டு' என்று எழுதி வைத்ததில்லை.

(இந்த இடத்தில் ஸ்கிரீன் கார்டு ஒட்டுகிறவர் சிரித்துவிட்டார். என் போனில் ஒரு காற்றுக்குமிழி உள்ளே மாட்டிக்கொண்டது. இடது ஓரத்தில் இன்னும் இருக்கிறது.)

பையன்: ஸ்டோரேஜ் 128 ஜிபி.

அம்மா: அதில் எனக்கு எவ்வளவு?

பையன்: புதிதாகத் திறக்கும்போதே இருபது சொச்சம் போயிருக்கும். ஆண்ட்ராய்டு, அப்புறம் கம்பெனி கொடுக்கிற ஆப்.

அம்மா: எங்கே, காட்டு.

(காட்டினான். பிரவுசர் இரண்டு, போட்டோ பார்க்கிற ஆப் இரண்டு, ஆப் விற்கிற கடையும் இரண்டு. ஷாப்பிங் மூன்று. குட்டி வீடியோ ஆப் ஒன்று. ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் ஆப் ஒன்று. 'கேம்ஸ்' என்று ஒரு பெட்டி, அதற்குள் மிட்டாய் வெடிக்கிற விளையாட்டுகள்.)

அம்மா: இவர்கள் எல்லாம் யார்?

பையன்: போனோடு கூடவே வருவார்கள் அம்மா.

அம்மா: அந்தக் கடன்காரனை எடுத்துவிடு.

பையன்: சிலதை எடுக்கலாம். சிலதை டிசேபிள்தான் பண்ண முடியும். உள்ளேயே இருக்கும், கண்ணில் மட்டும் படாது.

அம்மா: தம்பி, வீட்டைக் கிரயம் பண்ணுவது நான். உள்ளே ஏற்கனவே பதினைந்து குடித்தனம். காலி பண்ணுங்கள் என்றால், 'நாங்கள் கதவைச் சாத்திக்கொள்கிறோம், நீங்கள் இந்தப் பக்கம் பார்க்காதீர்கள்' என்கிறார்கள். வாடகையாவது தருவார்களா?

பையன்: (யோசித்து) கம்பெனிக்குத் தருவார்கள் அம்மா.

அம்மா: கிரயப் பணமும் அவர்களுக்கு, வாடகையும் அவர்களுக்கு. பூட்டி வைத்தாலே என்னமோ படம் வருகிறதே, அது என்ன?

பையன்: லாக் ஸ்கிரீன் விளம்பரம். செட்டிங்ஸில் நாலைந்து இடத்தில் தேடி ஆஃப் பண்ணிவிடலாம்.

அம்மா: 'இங்கே நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று சுவரில் எழுதினால் அந்த எழுத்து மேலேயே ஒட்டுவான். இவர்கள் பூட்டு மேலேயே ஒட்டுகிறார்களா! சரி, சிலோன்?

பையன்: டிஸ்ப்ளே பார்த்துவிடுங்கள் அம்மா, கோபமே போய்விடும். 120 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 120 தடவை படம் மாறும். சினிமா பார்த்தால் பட்டர் மாதிரி ஓடும்.

அம்மா: சினிமா விநாடிக்கு 24 படம்தானே?

பையன்: ...

அம்மா: என் வீட்டுக்காரர் மவுண்ட் ரோட்டில் ஒரு தியேட்டரில் முப்பது வருடம் ஆபரேட்டர். விநாடிக்கு 24 படம், நிமிடத்துக்கு 90 அடி ஃபிலிம். ரீல் முடியப் போகிற நேரத்தில் திரையில் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னி மறையும், அதைப் பார்த்துத்தான் அடுத்த மெஷினை ஓடவிடுவார். ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் டிவியில் படம் பார்த்தாலும் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், கதாநாயகி அழுவதைக் கூடப் பார்க்க மாட்டார். நீ சொல்லு, 24 படத்தை இது எப்படி 120 தடவை காட்டும்?

பையன்: ஒரே படத்தை ஐந்து தடவை காட்டும்.

அம்மா: அவர் மெஷினில் விசிறி சுற்றி ஒரு படத்தை இரண்டு தடவை காட்டும். அதற்காக யாரும் டிக்கெட் விலையை இரண்டு மடங்கு ஆக்கவில்லை.

பையன்: சினிமாவை விடுங்கள், ஸ்க்ரோல் பண்ணும்போதுதான் தெரியும். இப்படி விரலை வைத்துத் தள்ளினால்...

அம்மா: அட, ஆமாம். நன்றாகத்தான் வழுக்குகிறது. எதைத் தள்ளுகிறாய்?

பையன்: விளம்பரம்.

(நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்தத் திரையை அம்மா இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார். பிடித்திருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.)

பையன்: ஏஐ இருக்கிறது அம்மா. போட்டோவில் வேண்டாத ஆள் நின்றால் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள், ஆளையே காணாமல் பண்ணிவிடும்.

அம்மா: அதற்கு ஏஐ எதற்கு, ஒரு மாதச் சாப்பாட்டுக் கடன் போதும். காணாமல் போனவனைத் திரும்பக் கொண்டுவர ஏதாவது இருக்கிறதா?

பையன்: அது இல்லை.

அம்மா: தமிழில் சொன்னால் எழுதுமாமே? மெனுவை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லி மேன்ஷன் பையன்கள் நச்சரிக்கிறார்கள், அதற்குத்தான் இந்தப் போனே.

பையன்: (முகம் மலர்ந்து) சூப்பராக எழுதும். மைக்கை அழுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

அம்மா: (பந்தியில் கூப்பிடும் குரலில்) மத்தியானம் வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், மோர்!

(கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மணி பன்னிரண்டரை வேறு.)

அம்மா: படி.

பையன்: மத்தியானம் வர்த்தக குழு, சுட்ட பழம், மோர்.

அம்மா: மோர் சரி.

பையன்: பஸ் ஹாரன் அம்மா, அதனால்தான். இன்னொரு தடவை நிதானமாக...

அம்மா: சுட்ட பழமா சுடாத பழமா என்று ஔவையாரிடம் முருகன் கேட்டார். என் மெஸ்ஸில் யாரும் கேட்டதில்லை. வர்த்தகக் குழுவை நான் எத்தனை கரண்டி ஊற்றுவது? சரி, இரு. வத்தக்குழம்பு. சுட்ட அப்பளம். மோர்.

பையன்: வத்தக்குழம்பு வந்துவிட்டது! வத்தக்குழம்பு, சுட்ட அப்பா, மோர்.

அம்மா: குழம்பைத் திருத்திவிட்டு அப்பாவைச் சுட்டுவிட்டது. பழகப் பழகச் சரியாகும் என்பாய். சரி, அதை விடு. ரேடியோ.

பையன்: ரேடியோவுக்கு ஆப் இருக்கிறது அம்மா. நெட் இருந்தால் உலகத்து ஸ்டேஷன் எல்லாம் வரும். நீங்கள் கேட்கிற சிலோனும் வரும்.

அம்மா: நெட் போய்விட்டால்?

பையன்: நெட் எங்கே அம்மா போகப் போகிறது?

அம்மா: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது உன் வீடு எங்கே?

பையன்: வேளச்சேரி.

அம்மா: சொல்லு.

(பையன் ஒன்றும் சொல்லவில்லை. துணியை எடுத்துப் போனைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.)

அம்மா: கரண்ட் இல்லை, டவர் இல்லை. என் பட்டன் போன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து எஃப்எம் 101.4 பாடிக்கொண்டிருந்தது. மேன்ஷன் பையன்கள் பதினெட்டுப் பேர். ஒவ்வொருவன் கையிலும் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் போன், எல்லாம் டார்ச் லைட்டுக்குத்தான் ஆனது. என் 1,200 ரூபாய் போனைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து செய்தி கேட்டார்கள். அதில் ஒருவன் ஐடி.

(அந்த வருடம் ஏப்ரலில்தான், எஃப்எம் வசதியைப் போனில் மூடி வைக்காதீர்கள் என்று ஒன்றிய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தயாரிப்பாளர் சங்கங்களுக்கு அறிவுறுத்தியது. பல போன்களில் சிப்புக்குள்ளேயே எஃப்எம் வாங்கும் பகுதி இருக்கும்; ஆன்டெனாவோடு இணைக்காமலோ மென்பொருளில் பூட்டியோ விட்டுவிடுவார்கள். இந்தியாவில் எஃப்எம் ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கியது இந்த ஊரில்தான், 1977-ல். இங்கே நின்றுகொண்டு, 108 எப்படி 12 ஆகிறது என்று ஒப்பிக்கத் தெரிந்த பையனுக்கு, கையிலிருக்கும் போனில் 101.4 வருமா வராதா என்று தெரியவில்லை. அவனைச் சொல்லி என்ன, அவனுக்கு மனப்பாடம் பண்ணக் கொடுத்த அட்டையில் அது இல்லை.)

பையன்: ஒரு நிமிடம் அம்மா. (தேடுகிறான். மூன்றாவது பக்கம், 'டூல்ஸ்' என்ற பெட்டிக்குள், திசைகாட்டிக்குப் பக்கத்தில்.) அம்மா! இருக்கிறது!

அம்மா: இவ்வளவு நேரம் குடித்தனக்காரர்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறது, பாவம். பாட விடு.

பையன்: 'இயர்போனைச் செருகவும்' என்கிறது. ஒயர்தான் ஆன்டெனாவாம்.

அம்மா: வந்தவுடனே நான் என்ன சொன்னேன்? ஒயர் என்றேன். நீதான் ரோமிங் என்றாய். செருகு.

பையன்: (போனை நாலு பக்கமும் திருப்பி) ஓட்டை இல்லை அம்மா. 2016-ல் ஐபோன் 7-ல் எடுத்தார்கள், அப்புறம் ஒவ்வொரு கம்பெனியாக எடுத்துவிட்டது.

அம்மா: ஏன் எடுத்தார்கள்?

பையன்: உள்ளே இடம் மிச்சமாகும் என்று.

அம்மா: மிச்சமான இடத்தில் என்ன வைத்தார்கள்?

பையன்: அது தெரியவில்லை. ஆனால் அதே மேடையில் ஒயர் இல்லாத இயர்போனைக் காட்டினார்கள். தனி விலை.

அம்மா: வீட்டு ஜன்னலை அடைத்துவிட்டு வாசலில் விசிறி விற்கிற வேலை.

(பையன் உள்ளே ஓடி, சார்ஜர் போடும் துளையிலேயே செருகுகிற மாதிரி ஒரு ஒயர் இயர்போனைக் கொண்டுவந்தான். செருகினான். ஸ்பீக்கரை அழுத்தினான். ஸ்ஸ்ஸ்ஸ்ஸ் என்று கடை முழுக்க ஒரே இரைச்சல்.)

அம்மா: (கண்ணை மூடிக்கொண்டு) சிலோன்!

பையன்: இல்லை அம்மா, ஸ்டேஷனே எடுக்கவில்லை. கடைக்குள்ளே இருப்பதால்...

அம்மா: சிலோன் எப்போதும் இப்படித்தான் எடுக்கும் தம்பி. எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி. நடுநடுவில் பாட்டு வரும்.

(சொல்லிக்கொண்டே ஒயரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வாசல் பக்கம் நடந்தார். டெமோ போனை மேஜையோடு கட்டியிருந்த சுருள் ஒயர் நீண்டு நீண்டு, வாசலுக்கு ஓரடி இருக்கும்போது நின்றுவிட்டது. அங்கே, அந்த ஓரடிக்கு இந்தப் பக்கம், பாட்டு வந்தது. ஒரு சரணம் முழுக்க. அம்மா கையை இறக்கவே இல்லை.)

பையன்: பில் போட்டுவிடட்டுமா அம்மா? போன் 17,999, இயர்போன் 499.

அம்மா: எழுதிக்கொள். 'நாலு என்று காட்டுகிற' கேமரா இரண்டு, கழி. தண்ணீர் விட்ட எட்டு ஜிபி, கழி. அப்புறம் உள்ளே பதினைந்து குடித்தனம், திருவல்லிக்கேணி ரேட்டுக்கு வேண்டாம், உனக்காகக் குறைத்தே போடுகிறேன், ஆளுக்குப் பத்து மாத அட்வான்ஸ்...

பையன்: அண்ணா! கொஞ்சம் இங்கே வாங்க!

முதலாளி: (கல்லாவிலிருந்து) என்னடா?

பையன்: இவங்க சொல்கிற கணக்குப்படி போனையும் கொடுத்து நாம்தான் பாக்கி தர வேண்டும் போல இருக்கிறது.