ரெட் அலர்ட் என்றால் ஊர் முழுக்கக் கொட்டும் என்று அர்த்தமா?

"ரெட் அலர்ட் விட்டாலே மழை வராது, வானிலை மையம் சொல்வதெல்லாம் பொய்" என்று ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

2024 அக்டோபர் 16 அன்று சென்னைக்கு ரெட் அலர்ட் இருந்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். பயந்த அளவுக்கு மழை இல்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது, கனமழையும் அதோடு நகர்ந்துவிட்டது. அந்தக் கணிப்பு பிசகியது உண்மைதான். ஆனால் கடலில் அது சற்று விலகினாலே மழை பெய்யும் இடம் மாறிவிடும். அதை வைத்து எல்லாமே பொய் என்பது நியாயமில்லை.

சிவப்பு என்பது உடனே நடவடிக்கை எடுங்கள் என்று நிர்வாகத்துக்கும் நமக்கும் தரும் எச்சரிக்கை. பொதுவாக 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யும் வாய்ப்பு இருந்தால் தருவார்கள். அதுவும் மாவட்டம் முழுவதற்கும் அல்ல. அறிக்கையில் "ஓரிரு இடங்களில்" என்று இருந்தால், அங்குள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை என்று பொருள். உங்கள் தெரு காய்ந்திருக்க, பக்கத்துத் தாலுகா மிதக்கலாம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறொன்றில். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. 21 செ.மீ.க்கும் அதே சிவப்பு, இதற்கும் அதே சிவப்பு! அதற்கு மேல் நிறமே கிடையாது. குறை சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள். எச்சரிக்கையை நம்பாதே என்று மட்டும் தயவுசெய்து பகிராதீர்கள்.