பாட்டு இருக்கு, பேண்ட் எங்கே?

ரஸ் மேயர் இயக்கிய ‘பியாண்ட் த வேலி ஆஃப் த டால்ஸ்’ (1970) படம் பெண்கள் ராக் பேண்டுக்கான மரியாதை என்கிறது ஒரு கட்டுரை. எக்ஸ் சான்றிதழ் (பெரியவர்களுக்கு மட்டும்) படத்தில் கவர்ச்சி இருப்பதில் எனக்குப் புகார் இல்லை, பேண்டைத்தான் காணோம். மூன்று பெண்கள் லாஸ் ஏஞ்சலஸ் வருகிறார்கள், பார்ட்டியில் பாடுகிறார்கள், பார்ட்டி கொடுக்கும் இசைத் தயாரிப்பாளர் இசட்-மேன் பேண்டின் பேரை மாற்றுகிறான், உடனே ஸ்டார்! உட்கார்ந்து ஒரு பாட்டை உருவாக்கும் உழைப்பில் படத்துக்கு அக்கறையே இல்லை. பேண்டின் பாடகி கெல்லி வாயசைக்கிறார், குரல் லின் கேரியுடையது (பாட்டு அசத்தல், அதை மறுக்கவில்லை). கடைசியில் கொலையெல்லாம் முடிந்தபின் ஒரு பின்னணிக் குரல் வந்து ஆளுக்கொரு நீதி சொல்கிறதே! திரைக்கதை எழுதிய ரோஜர் ஈபர்ட் அதைக் கிண்டலுக்குத்தான் வைத்தார் என்பார்கள். சரி, இன்னொரு பெண்ணைக் காதலித்த பேண்ட் உறுப்பினர் கேஸியைக் கொன்றதும் கிண்டல்தானா?